பாதயாத்திரைப் பந்தலுக்கு ஆள் சேர்ப்பதும் தக்கவைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காகக் காங்கேயம் - தாராபுரம் ரோட்டோரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பகல், மூன்று ராத்திரி அன்னதானப் பந்தல் போடுகிறோம். ஆள் சேர்ப்பதும் வேலை பிரிப்பதும் சில வருடங்களாக என் தலையில். பக்கத்து ஊர்களில் புதிதாகப் பந்தல் போட நினைக்கிறவர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் சமையலைப் பற்றி இல்லை. "ஆளு நிக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றதுங்க?" என்பதுதான். கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கோயில் நோம்பி (திருவிழா), ரத்ததான முகாம், குளம் தூர்வாருவது என்று வேறு வேலைக்கும் ஓரளவு பொருந்தும்.

எத்தனை பேர் வேண்டும்?

சாப்பிட வருகிறவர்களை வைத்து ஆள் கணக்குப் போடாதீர்கள். வேலை நடக்கும் இடங்களை வைத்துப் போடுங்கள். எங்கள் பந்தலில் அடுப்படி, காய் நறுக்கும் இடம், பந்தி, தண்ணீர், பாத்திரம் கழுவும் இடம், சாமான் வைக்கும் அறை, ரோட்டோரம் என்று ஏழு இடங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை ஓடும் என்று பார்த்தோம். மொத்தம் 22 பேர். ஒரு நாளை நான்கு ஷிப்டாகப் பிரித்து, ஒருவரே மூன்று நான்கு ஷிப்ட் வரலாம் என்று வைத்ததில், மூன்று நாளைக்கும் சேர்த்து 80 பேர் இருந்தால் தாராளம்.

அரிசிக்கணக்கு இதைவிட எளிது. சாம்பார் சாதம் என்றால் ஆளுக்கு 100 கிராம் அரிசி, ஆயிரம் பேருக்கு 25 கிலோ சிப்பம் நான்கு. சிப்பம் ஒன்று மிஞ்சினால் மறுவேளைக்கு ஆகும். ஆள் மிஞ்சினால் அப்படி இல்லை. 20 பேர் வேண்டிய இடத்தில் 40 பேர் நின்றால் பத்துப் பேர் வேலை செய்வார்கள், முப்பது பேர் அவர்களுக்கு யோசனை சொல்வார்கள்.

எந்த நேரத்துக்கு ஆள் கிடைப்பார்கள்?

இது தெரியாமல்தான் பாதிப் பேர் திட்டம் போடுகிறார்கள். நம் பக்கத்தில் ஒவ்வொருவருடைய பொழுதும் வேறு மாதிரி. தோட்டத்தில் மாடு வைத்திருப்பவருக்கு விடிகாலையிலும் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கும் பால் கறக்க வேண்டும், சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் அவரைப் பந்தலில் நிற்கச் சொன்னால் உடம்பு இங்கே நிற்கும், மனசு கட்டுத்தறியில் இருக்கும். ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால் நடுராத்திரி வரை அசைய மாட்டார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பசங்களுக்கு ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை ஆகிவிடும். வண்டி பிடித்து வந்து சேர ஒன்பதரை, பத்து. அதனால் ராத்திரி பத்து முதல் விடிகாலை நான்கு வரை அவர்களுடையது. நடக்கிற கூட்டம் வெயிலுக்கு அஞ்சி ராத்திரியில்தான் அதிகம் வரும் என்பதால் இது வசதியாகவே அமைந்துவிட்டது.

தைப்பூசத் தேதி வருடத்துக்கு வருடம் நகரும் என்பதையும் மனதில் வையுங்கள். 2022இல் ஜனவரி 18, பொங்கல் முடிந்த கையோடு வந்தது. 2025இல் பிப்ரவரி 11. பொங்கலை ஒட்டி வந்தால் வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள், ஆளுக்குப் பஞ்சம் இல்லை. பிப்ரவரிக்குத் தள்ளிப் போனால் எல்லோரும் அவரவர் சோலிக்குத் திரும்பியிருப்பார்கள். 2021 முதல் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு என்றாலும் அது ஒரே நாள். நமக்கு ஆள் தேவைப்படுவது அதற்கு முந்தைய மூன்று நாட்கள். தேதி தள்ளியிருக்கும் வருடங்களில் பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பியன்று, ஊரே கூடியிருக்கும்போதே, யார் எந்த ராத்திரி என்று எழுதி வாங்கிவிடுவோம்.

இன்னொன்று. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயில் தேரும் தைப்பூசத்துக்குத்தான். கடைசி நாள் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அங்கே போயே ஆக வேண்டும். முதல் வருடம் அதை மறந்துவிட்டு மத்தியானம் ஆறு பேரோடு முழித்தேன். இப்போதெல்லாம் தேரன்று காலைப் பலகாரத்தோடு பந்தலை முடித்துக்கொள்கிறோம்.

வாட்ஸ்அப் குரூப்பில் 80 பேர் "நானும் வர்றேன்" என்கிறார்கள். அன்றைக்கு 20 பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது?

குரூப்பில் கும்பிடு போடும் பொம்மை அனுப்புவது வாக்குறுதி ஆகாது. அது மரியாதை, அவ்வளவுதான். குரூப்பில் செய்தி மட்டும் போடுங்கள். ஆளைக் கேட்பது நேரிலோ போனிலோ, ஒவ்வொருவராக. அதுவும் "வர்றீங்களா?" என்று கேட்காதீர்கள். "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தண்ணி பக்கம் உங்களைப் போட்டிருக்கேன், சரிப்படுமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதற்கு யோசித்து, முடியாது என்றால் முடியாது என்பார்கள். அந்த "முடியாதுங்க" நமக்கு எவ்வளவு பெரிய உதவி என்று பந்தல் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறார்கள். ஏன்?

நான் பொறுப்பெடுத்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊர் நூல் மில்லில் வேலை செய்யும் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தான். வந்ததும் அண்டா பக்கம் போனான். அங்கே இரண்டு கரண்டி, ஐந்து பேர். பந்திக்குப் போனான். "தம்பி, இங்க ஆளு போதும்" என்றார்கள். தண்ணீர் டிரம்மிடம் நின்றான், அங்கேயும் ஒருத்தர் இருந்தார். கடைசியில் டியூப்லைட் கம்பத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் அந்தப் பக்கம் நாலைந்து தடவை ஓடினேன், ஒவ்வொரு தடவையும் அவனைப் பார்த்துச் சிரித்தேன். பதினொன்றரைக்குப் பார்த்தால் கம்பம் மட்டும் இருந்தது.

நாலு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தபோது, "ஏந்தம்பி அன்னைக்குப் பாதியிலயே போயிட்டே?" என்றேன். "எனக்கு என்ன வேலைன்னு யாரும் சொல்லலீங்கண்ணா. சும்மா நின்னா நாலு பேரு பாக்கறாங்க" என்றான்.

அன்றிலிருந்து நான் நம்புவது இது: வேலை கடினம் என்று யாரும் ஓடுவதில்லை. அடுப்பு வெக்கையில் நான்கு மணி நேரம் நின்றவர் மறுநாளும் வந்திருக்கிறார். சும்மா நிற்க வைத்தால்தான் போய்விடுகிறார்கள், தாம் வேண்டாதவர் என்று நினைத்துக்கொண்டு. ஆகவே ஒருங்கிணைப்பவர் முதலில் தன் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். நீங்கள் பரிமாறிக்கொண்டிருந்தால் கம்பத்தில் சாய்ந்து நிற்பவனை யார் பார்ப்பார்கள்?

வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

"எல்லாரும் எல்லாத்தையும் பாத்துக்கங்க" என்பது வேலை பிரிப்பது இல்லை. ஒரு காரியத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒருவரிடம் ஒப்படையுங்கள். "நீ வாளி எடுத்துட்டு வா" என்பது எடுபிடி வேலை. "இந்த வரிசையில உக்கார்ற சாமிகளுக்குத் தண்ணி உன் பொறுப்பு. டம்ளர் பத்தலைன்னாலும் நீதான் கேக்கோணும், டிரம் காலியானாலும் நீதான் சொல்லோணும்" என்பது பொறுப்பு. இரண்டிலும் சுமப்பது அதே வாளிதான்.

எங்கள் சாமான் அறைச் சாவியை ஒரு ரிடையர்டு கண்டக்டரிடம் கொடுத்தோம். மளிகை எடுக்க வருகிறவர்களிடம் என்ன, எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். அரைக் கிலோ புளிக்குக் கையெழுத்தா என்று ஆரம்பத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். அந்த வருடம்தான் முதல்முறையாக எண்ணெய் டின் நடுராத்திரியில் தீராமல் இருந்தது.

புதிதாக வருகிறவரை முதல் அரைமணி நேரம் பழைய ஆள் ஒருவரோடு சேர்த்து விடுங்கள். விளக்கம் சொல்வதைவிடப் பக்கத்தில் நின்று பார்ப்பது சீக்கிரம் பிடிபடும். பனியன் கம்பெனியிலிருந்து வருகிறவர்களோடு சில சமயம் ஒடிசா, பீகார் பசங்களும் வருவார்கள். அவர்களுக்கு இந்த வழிதான் சரி. அவர்களில் ஒருவன் பூரி தேய்த்த வேகத்தைப் பார்த்து எங்கள் மாஸ்டரே கட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

என்னைவிட வயசில் மூத்தவர்களிடம் எப்படி வேலை சொல்வது?

சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். அதுவும் முறை வைத்துக் கேட்க வேண்டும். நம் ஊரில் மாமன், பங்காளி, அப்பாரு, அப்புச்சி என்று யாரோடும் ஏதாவது ஒரு முறை இருக்கும். "மாமா, இந்தப் பந்தி உங்க கையில இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்ங்க" என்றால் எழுபது வயசுக்காரரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவார். அதே ஆளிடம் மைக்கில் "பந்தி பாக்கறவங்க வாங்க" என்றால் தன்னைச் சொல்லவில்லை என்று உட்கார்ந்திருப்பார்.

திருத்துவது இன்னும் நுணுக்கம். ஒரு வருடம் ஒரு பெரியவர் சாதத்தை மலைபோல் வைத்துக்கொண்டே போனார். பாதி இலையில் மிஞ்சியது. இளவட்டம் ஒருவன் எல்லோர் முன்னாலும் "தாத்தா, கம்மியா வையுங்க" என்று கத்திவிட்டான். அவர் கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். மறுநாள் நான் அவர் வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து, மாடு கன்று போட்டது, மழை இல்லாதது எல்லாம் பேசி, கடைசியில் "சாமிக நிறைய சாப்பிட்டா நடக்கச் சிரமப்படறாங்க அப்பாரு, கொஞ்சமா வெச்சு மறுக்கா கேட்டா நல்லா இருக்குமுங்களா?" என்றேன். அன்று ராத்திரி வந்தார். "கொஞ்சமா வெச்சுக்கங்க சாமி, அப்பறம் வாங்கிக்கலாம்" என்று ஒவ்வோர் இலையிலும் சொல்லிக்கொண்டே போனார். அந்தத் திண்ணைப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

ஊக்கப்படுத்த டீ-சர்ட், சால்வை, கேடயம் ஏதாவது கொடுக்கலாமா?

டீ-சர்ட் வேறு ஊர்களில் எடுபடலாம். நம் பசங்களில் பாதிப் பேர் நாளெல்லாம் அதைத்தான் தைக்கிறார்கள், செக்கிங் பார்க்கிறார்கள். போன தடவை கொடுத்ததை வாங்கியவுடன் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓவர்லாக் சரியில்லீங்களே" என்றான் ஒருத்தன். யார் தன்னார்வலர் என்று சாமிகளுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகக் கழுத்தில் ஒரு பச்சைத் துண்டு போதும்.

சால்வை போடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. நான்கு பேருக்குப் போட்டால் நாற்பது பேருக்கு மனஸ்தாபம். அதற்குப் பதில் அவர்களைக் கவனியுங்கள். பத்து மணிக்கு வந்தவனுக்கு ஒரு மணிக்குச் சூடாக டீ போய்ச் சேர்ந்ததா? பரிமாறியவர்கள் சாப்பிட்டார்களா? ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட பந்தலில் பரிமாறியவன் பசியோடு வீட்டுக்குப் போன கதை நிறைய உண்டு. எங்கள் பந்தலில் தன்னார்வலர்களுக்கென்று ஒரு போசியில் (பாத்திரத்தில்) தனியாக எடுத்து வைத்துவிடுவோம், அதை யாரும் தொடக் கூடாது. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவரை வாசல் வரை போய், "நீங்க இல்லாட்டி இன்னைக்குத் தண்ணி திண்டாட்டம்தானுங்க" என்று அவர் செய்த வேலையின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். பொதுவாக நன்றி சொன்னால் காதோடு போய்விடும்.

பெண்கள் வருகிறார்கள், ஆனால் காய் நறுக்குவதோடு நிற்கிறார்கள்.

நாம் அதோடு நிறுத்தினால் நிற்பார்கள். மகளிர் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக நன்கொடைக் கணக்கு அவர்கள் கையில். இரண்டு மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: கழிப்பறை வசதி, பொழுது இறங்கிய பின் வீடு திரும்ப வண்டி. இந்த இரண்டும் இல்லாமல் "பெண்கள் முன்வர மாட்டேங்கறாங்க" என்று பேசக் கூடாது.

பிளக்ஸில் யார் பெயர் போடுவது?

ஊர்ப் பெயர். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒரு வருடம் பெயர் போட்டு, இரண்டு பங்காளிகள் இன்றுவரை பேசுவதில்லை.

பணம் பற்றிச் சந்தேகம் கிளம்பினால்?

கிளம்பும் முன்னாலேயே அடக்க வேண்டும். பந்தலில் ஒரு கரும்பலகை வையுங்கள். தினமும் சாயங்காலம் வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று வரி. ஜிபேயில் வருவது ஒரே எண்ணுக்கு வர வேண்டும், அந்த எண் ஒருங்கிணைப்பவருடையதாக இருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க நின்றவன் காதில் "அவன் இதுல சம்பாரிக்கறானாட்ட இருக்குது" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், நீங்கள் என்ன பேசினாலும் மறுநாள் அவன் வரமாட்டான்.

எந்த வேலைக்குக் கூலி கொடுக்கலாம்?

சமையல் மாஸ்டருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அண்டா கழுவுகிறவர்களுக்கும் கட்டாயம் கொடுங்கள். சேவை என்ற பெயரில் இதைத் தலையில் கட்டினால் மாட்டுவது ஊரில் எதற்கும் மறுத்துப் பேசத் தெரியாத இரண்டு பேர்தான்.

பள்ளிக்கூடப் பசங்களைச் சேர்க்கலாமா?

பகலில் சேர்க்கலாம். அடுப்பும் ரோடும் மட்டும் கூடாது. நடந்து போகிறவர்களின் பைக்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது பசங்களுக்குப் பிடித்த வேலை. இருட்டில் லாரிக்காரர்களுக்கு ஆள் தெரிய அதுதான் துணை.

அனுமதி எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் அன்னதானத்துக்குப் பதிவு செய்யுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை. வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர் போதும். இந்த அலைச்சலை ஒரே ஒருவரிடம், அலுவலகம் ஏறி இறங்க அலுக்காதவரிடம், ஒப்படையுங்கள்.

பந்தலில் ஏதாவது தப்பு நடந்துவிட்டால்?

நடக்கும். ஒரு ராத்திரி வடித்த சாதத்தை அண்டாவோடு மூடி வைத்து, நாலைந்து மணி நேரம் கழித்துத் திறந்தபோது லேசாக வாடை வந்தது. இன்னொரு தடவை சூடு பண்ணிப் போட்டுவிடலாம் என்றார்கள் இரண்டு பேர். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் பெருகும் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்டவர்கள் பழனி போய்ச் சேருமுன் வாந்தி எடுப்பார்கள். முழு அண்டாவையும் குழி தோண்டிக் கொட்டினோம். மூடி வைத்த பையன் அழுகிற நிலைமையில் இருந்தான். "சின்னச் சின்னதா வடிக்கச் சொல்லாதது என் தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். உண்மையும் அதுதான். அவன் இன்றைக்கு அடுப்படிப் பொறுப்பாளர். எந்த அண்டா எத்தனை மணிக்கு இறங்கியது என்று சாக்பீஸால் அண்டாவிலேயே எழுதி வைக்கிறான்.

யாருக்காவது சூடு பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ விடாதீர்கள். பெரிய காயம் என்றால் 108. எண்ணெய்ச் சட்டி பக்கம் நைலான் சட்டை போட்டவரை நிற்க விடாதீர்கள்.

அடுத்த வருடமும் இதே ஆட்களைத் தக்கவைப்பது எப்படி?

வருடம் முழுக்க மறந்துவிட்டு அடுத்த தை மாதம் போன் செய்தால் யாருக்கும் பிடிக்காது. எங்களுக்குப் பங்குனி உத்திரம் கைகொடுக்கிறது. கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி கொண்டு போகிறவர்களுக்கு அப்போது நீர்மோர்ப் பந்தல் போடுவோம். சின்ன வேலை, பத்துப் பேர் போதும், ஆனால் நாற்பது பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தைப்பூசப் பந்தல் பிரித்த அன்று கூட்டம் எதுவும் வைப்பதில்லை. தூக்கம் கெட்டவர்களிடம் என்ன பேச முடியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு தோட்டத்தில் கூடி, மிஞ்சிய அரிசியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். ஒரு நோட்டு சுற்றி வரும், ஆளுக்கு ஒரு குறை எழுத வேண்டும், யார் பெயரும் குறிப்பிடக் கூடாது. போன தடவை அதில் எழுதியிருந்ததில் சில: தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல லைட்டு இல்லை. ரசத்துல உப்பு ரெண்டு நாளும் ஜாஸ்தி. ராத்திரி ஒரு மணி டீ ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு.

நூல் மில் பையனும் அன்று வந்திருந்தான். இப்போது ரோட்டோரப் பொறுப்பு அவனுடையது. அவன் எழுதியது: புதுசா வந்த ரெண்டு பேரு வெள்ளிக்கிழமை ராத்திரி கம்பத்துக்கிட்ட சும்மா நின்னுட்டு இருந்தாங்க.